ஒன்பதுக்கு நேரே போட்ட சரி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதினால் ஒரு எழுத்து மற்ற எழுத்தில் போய் முட்டும். சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுவேன். நாள், தேதி எல்லாம் மறந்துபோகும். எங்கள் தொடர்மாடி மாதர் வட்டத்து மலருக்கு, மறக்கமுடியாத ஒருவரைப் பற்றி எல்லாரும் எழுதித் தரவேண்டுமாம். மற்றவர்கள் தங்கள் அம்மாவையும் ஆசிரியரையும் எழுதுகிறார்கள். நான் என் வீட்டு அறையில் ஒன்றரை வருடம் வாடகைக்கு இருந்த பிள்ளையை எழுதுகிறேன். பெயர் போடமாட்டேன். ஒருவரிடம் கேட்காமல் பெயரை வெளியில் விட்டால் என்ன நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

பிள்ளை என்கிறேனே தவிர வயது முப்பத்தைந்து இருக்கும். வவுனியா ஆள். ஒரு கணனி அலுவலகத்தில் வேலை செய்து, அதை விட்டுவிட்டுத் தனியாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன் என்று வந்து இருந்தாள்.

வந்து இரண்டாம் மாதம் என்று நினைக்கிறேன். பின்னேரம் தேத்தண்ணி கொண்டு அவளுடைய அறைக்குள் போனேன். மேசையில் லப்டொப் திறந்திருந்தது. அதிலே அவளுடைய படம். படத்தைச் சுற்றிப் பூமாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே கறுப்பு எழுத்தில் 'மரண அறிவித்தல்'. கீழே அவளுடைய முழுப்பெயர். வவுனியாவைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர் இறைவனடி சேர்ந்தார் என்று அன்றைய தேதி. அந்தப் படத்துக்கு முன்னால், கதிரையில், அவளே இருந்து பாண் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கோப்பை என் கையில் நிற்கவில்லை.

"ஐயோ பிள்ளை! ஆர் இதைப் போட்டது?"

"நான்தான் அன்ரி. கால் சுட்டதோ? அசையாதேங்கோ, கோப்பைத் துண்டு கிடக்கு."

"செத்தவீட்டு நோட்டீஸ் எல்லோ இது!"

"ஓம். வடிவா இருக்கா? இடப்பக்கத்து விளக்கு கொஞ்சம் சரிஞ்சு நிக்குது, திருத்தவேணும்."

"பிள்ளை!"

"அன்ரி, இது வெளியில இல்லை. இந்த மெசினுக்குள்ள மட்டும்தான். வெளியில நான் உயிரோடதான் இருக்கிறன், பயப்படாதேங்கோ."

அவள் தும்புத்தடியை எடுத்துக் கூட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகம். தகப்பன் காலத்திலிருந்து மரண அறிவித்தலும் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகமும் அடிக்கிற இடம். இப்போது சனம் எல்லாம் வெளிநாட்டில். நோட்டீஸை மதிலில் ஒட்டி யார் பார்க்கிறது? அதனால் முதலாளி தங்களுக்கென்று ஒரு வெப்சைட் கேட்டாராம். அலுவலகத்தை விட்ட பிறகு அவளுக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை அது. இது நல்லபடியாகப் போனால் முதலாளி தனக்குத் தெரிந்த மற்றக் கடைக்காரருக்கும் சொல்வார். போகாவிட்டால் பழைய அலுவலகத்துக் கதவைத்தான் தட்டவேண்டும் என்றாள்.

"அதுக்கு உம்மட பேரையே போடுறது? சும்மா ஒரு பேரை எழுதக்கூடாதே?"

"கந்தையா எண்டு போட்டா உலகத்தில எத்தினை கந்தையா இருக்கினம், அன்ரி? பொன்னம்மா எண்டு போட்டா அது ஆரோ ஒருத்தற்ற அம்மா. உண்மையாச் செத்த ஆக்களைப் போட்டு விளையாட ஏலுமே? மிஞ்சினது நான்தான்."

அதற்குப் பிறகு அவள் அந்த மெசினுக்குள் ஒரு நாளைக்கு நாலு தரம் செத்தாள். நான் தேத்தண்ணியை அறை வாசலில் ஸ்டூலில் வைத்துவிட்டுக் கூப்பிடப் பழகினேன்.

அவளுடைய குணத்தைச் சொல்லவேண்டும். அவளுக்கு எதுவும் தாளில் இருக்கவேண்டும். வாயால் சொன்னால் ஏற்கமாட்டாள். காஸ் சிலிண்டர் மாற்றுவது எப்படி என்று நான் காட்டிக் கொடுத்தபோது கொப்பி கொண்டுவந்து படி ஒன்று, படி இரண்டு என்று எழுதினாள். எழுதி முடிந்ததும் நான் மாட்டிய சிலிண்டரைக் கழற்றச் சொல்லி, தாளை மட்டும் பார்த்துத் திரும்ப மாட்டினாள். பிறகு அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினாள். தண்ணீர் மோட்டருக்கும் ஒன்று. வெளிக்கதவுப் பூட்டு இறுகினால் என்ன செய்வது என்று ஒன்று. என்னிடம் கேட்டு மீன் குழம்புக்கு ஒன்று எழுதினாள். எழுதியபடியே வைத்துவிட்டு, கரண்டியை நக்கிப் பார்த்து என்னிடம் வந்தாள்.

"அன்ரி, புளி கொஞ்சம் எண்டு சொன்னனீங்கள். கொஞ்சம் எண்டா எவ்வளவு?"

"கைக்குத் தெரியும் பிள்ளை."

"உங்கட கைக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாது."

அவள் பழைய அலுவலகத்தில் ஒருவர் இருந்தாராம். எல்லாம் அவருடைய தலைக்குள். ஒருநாள் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். அடுத்த கிழமை மெசின் நின்றுவிட்டது. எதை முதலில் தொடுவது, எதைப் பிறகு தொடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. "நாங்கள் பதினொரு பேர், மூண்டு நாள், செத்தவீட்டில இருக்கிற மாதிரி அதைச் சுத்தி இருந்தம்" என்று சொன்னாள். அன்றைக்குப் பிடித்த பழக்கமாம் இந்தத் தாள். யாராவது எதையாவது பிழையாகச் செய்தால் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஆள் பிழை விடுறேல்லை அன்ரி, தாள்தான் பிழை விடுறது" என்பாள். பென்சிலை எடுத்துத் தாளைத் திருத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொன்று செய்வாள். ஒரு கிழமையாகச் செய்ததை எல்லாம் லப்டொப்பிலிருந்து அழித்துவிடுவாள். மூலக் கோப்புகள் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்குமாம். அங்கிருந்து இறக்கி, தாளை வைத்துக்கொண்டு, முதல் படியிலிருந்து திரும்ப எழுப்புவாள். முதல்தரம் பார்த்தபோது, கட்டின வீட்டை இடித்துக் கட்டுகிறாளே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"புதுசா ஒருத்தர் வெறும் மெசினோட வந்தா, தாளைப் பார்த்து எழுப்ப ஏலுமா எண்டு பார்க்கவேணும். எனக்கு எல்லாம் தெரியும், அதால நான் பார்த்தாச் சரிவராது. ஒண்டும் தெரியாத ஆள் வேணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அப்படித்தான் நான் அகப்பட்டேன்.

எனக்கு ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும். கூட்டி வாசிக்க வராது. அது அவளுக்கு இன்னும் நல்லதாம். ஒவ்வொரு படிக்கும் தமிழில் ஒரு வரி எழுதி, அதன் கீழே அடிக்கவேண்டிய எழுத்துகளைப் பெரிதாக எழுதினாள். கறுப்புத் திரையில் நான் ஒரு விரலால் அடிப்பேன். அவள் பின்னால் கட்டிலில் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பாள். பேசக்கூடாது என்பது அவள் தனக்கே போட்ட சட்டம். நான் எங்கே நின்று யோசிக்கிறேனோ, அந்த இடத்தில் தாளில் கோடு போடுவாள்.

முதலாம் படி, கோப்புகளை இறக்குவது. இரண்டாம் படி, துணைச் சாமான்களை இறக்குவது. அது நேரம் எடுக்கும், திரை முழுக்க எழுத்து ஓடும். நான் பயந்து எழும்பி ஓடியதால், 'இந்த இடத்தில் எழுத்து ஓடும், பயப்படவேண்டாம், தேத்தண்ணி போடலாம்' என்று தாளில் ஒரு வரி கூடியது. மூன்றாவது, மாதிரி அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்துக் கடவுச்சொல்லை எழுதுவது. பிறகு ஒரு பெட்டி. அறிவித்தல்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும் என்று சொன்னாள். பெட்டிக்குள் தட்டு அடிப்பது ஒரு படி, மாதிரி அறிவித்தல் வைப்பது ஒரு படி. ஆறாம் படியில் பார்த்தால், வீட்டுக்குள் மட்டும் தெரிகிறபடி வெப்சைட் எழும்பி நிற்கும். ஏழிலிருந்து பதின்மூன்று வரை அதை வெளியில் ஏற்றுகிற படிகள்; பழகும்போது ஒருவருக்கும் தெரியாத ஒரு சோதனை இடத்தில் ஏற்றுவோம். ஒவ்வொரு படி முடிந்ததும் அந்த எண்ணுக்கு நேரே பென்சிலால் நான் சரி போடவேண்டும்.

ஒருதரம் எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். திரை முழுக்கச் சிவப்பு.

"பழுதாக்கிப்போட்டனோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. எத்தினை மணிக்கு எந்தப் படி செய்தது, எது செய்யேல்லை எண்டு மெசின் எல்லாத்தையும் எழுதி வைக்கும். பார்த்துத் திருத்தலாம்."

அந்தக் கதையை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

ஆனால் ஒன்று என்னால் பொறுக்க முடியவில்லை. ஆறாம் படி முடிந்து நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவளுடைய படம் மாலைக்குள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். வாழவேண்டிய பிள்ளை. ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"உம்மட பேரை எடும். என்ர பேரைப் போடும்."

"என்ன அன்ரி சொல்லுறியள்?"

"எனக்கென்ன, எழுபத்திரண்டு. இண்டைக்கோ நாளைக்கோ உண்மையாப் போடவேண்டியதுதானே. நீர் இருக்கிற இடத்தில நான் இருக்கிறன்."

அவள் லப்டொப்பை மூடினாள். பிறகு என்னைக் கடல் பக்கத்துப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போனில் படம் எடுத்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல படம் எடுபட்டதில்லை. தலையைக் கொஞ்சம் சரித்து, வெட்கத்தோடு சிரிக்கிற படம். பிறகு கொப்பியோடு இருந்து தகப்பன் பெயர், தாய் பெயர், காலஞ்சென்ற கணவர் பெயர், லண்டனில் இருக்கிற அக்கா பெயர் எல்லாம் கேட்டு எழுதினாள். பிள்ளைகள் இல்லாதபடியால் அறிவித்தல் நாலு வரியில் முடிந்துவிட்டது. அது குறையாகத் தெரிந்தது போல. கடைசியில் தன் பெயரை எழுதி, 'அவரின் பாசமிகு அன்ரியும் ஆவார்' என்று ஒரு வரி சேர்த்தாள். தொடர்புக்குத் தன் போன் நம்பரைப் போட்டாள். வாசித்துக் காட்டியபோது நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அறிவித்தலை இன்றைக்குக் கொடுத்தாலும் குறித்த நாளில் அது தானாக வெளியில் வரவேண்டுமாம். முப்பத்தோராம் நாள் அறிவித்தலுக்கெல்லாம் அது தேவை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, என்னுடையதை வருகிற திங்கட்கிழமை காலைக்கு வைத்தாள்.

வெப்சைட்டை வெளியில் விடுகிற நாள் வெள்ளிக்கிழமை. முதலாளி பஞ்சாங்கம் பார்த்துப் பத்தரைக்கு முன் என்று நேரம் வைத்திருந்தார். லப்டொப்பை எடுக்காமல் தாளை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு அவள் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினாள். அச்சகத்துக் கணனியிலேயே முதல் படியிலிருந்து எழுப்பி, முதலாளியின் கண்ணுக்கு முன்னால் ஏற்றிக் காட்டப்போகிறாளாம்.

பத்து மணிக்கு என் போன் அடித்தது.

"அன்ரி, இஞ்ச ஒழுங்கை முழுக்கக் கரண்ட் இல்லை. நேரம் போகுது. என்ர லப்டொப்பைத் திறவுங்கோ. தாளை எடுங்கோ. ஆறு வரைக்கும் அதில இருக்கு. ஏழில இருந்து தொடங்குங்கோ."

"நானோ? ஐயோ, என்னால ஏலாது பிள்ளை."

"நாற்பது தரம் செய்திருக்கிறியள். போனைப் பக்கத்தில வையுங்கோ. ஒவ்வொரு படியும் முடிய நம்பரைச் சொல்லுங்கோ."

பின்னால் மணி கிலுக்குகிற சத்தமும், முதலாளி யாரையோ கற்பூரம் கொளுத்தச் சொல்லுகிற சத்தமும் கேட்டன. நான் முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு வந்து இருந்தேன். ஏழு அடித்தேன், சரி போட்டேன். எட்டு அடித்தேன், சரி போட்டேன்.

ஒன்பதாம் படி: 'பெட்டியை வெறுமையாக்கவும்.'

பழகும்போது இதைப் பலதரம் செய்திருக்கிறேன். அப்போது அது விளையாட்டு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாமித்தட்டில் நான் ஏற்றிய விளக்கு எரிகிறது. அங்கே தேங்காய் உடைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அரிசி முடிந்தால்கூட முடிந்தது என்று சொல்லமாட்டோம்; நிறைந்திருக்கிறது என்று சொல்லித்தான் கடைக்கு ஆள் அனுப்புவோம். புது வீட்டுக்கு வெறும் குடத்தோடு யாரும் போவதில்லை. ஒரு பிள்ளையின் முதல் தொழில் தொடங்குகிற நேரத்தில், வெறுமையாகப் போ என்று என் விரலால் அடிப்பதா? பெட்டிக்குள் கிடப்பது என்னுடைய அறிவித்தல் ஒன்றுதான். அது இந்த மெசினுக்குள் மட்டும் இருப்பது, வெளியில் போகாதது என்று அவளே சொல்லியிருக்கிறாள். கிடந்துவிட்டுப் போகட்டும்.

"ஒன்பது, அன்ரி?"

"ஓம்."

சொல்லிவிட்டு, செய்யாத படிக்கு நேரே சரி போட்டேன். பத்து அடித்தேன்.

பதின்மூன்று முடிந்ததும் போனுக்குள் ஒரே ஆரவாரம். முதலாளியின் போனில் வெப்சைட் வந்துவிட்டது. முகப்பில் பிள்ளையார். முதலாளி போன் கண்ணாடியிலேயே சந்தனப்பொட்டு வைத்தாராம். "அன்ரி, தாள் வேலை செய்யுது! நான் பக்கத்தில இல்லாமலே வேலை செய்யுது!" என்று அவள் கத்தினாள். அவ்வளவு சந்தோசமாக அவள் குரலை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

ஏற்றும்போது அந்தப் பெட்டியும் கூடவே ஏறிப்போகும் என்று தாளில் இருக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் விடியவே அச்சகத்துக்குப் போய்விட்டாள். ஒன்பது மணி போல நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஹெந்தளையிலிருந்து என் மச்சாள். வெள்ளைச் சீலை. தலை பின்னாமல் முடிந்த கொண்டை. கையில் ஒரு பையில் பூவும் சாம்பிராணியும். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆர் மச்சாள் போனது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பையைக் கீழே விட்டாள். சுவரைப் பிடித்தபடி மெல்ல மெல்ல நிலத்தில் இருந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளிக்க, என் கையை இறுக்கிப் பிடித்துக் கிள்ளிப் பார்த்தாள்.

"கை சுடுது," என்றாள்.

"பின்ன சுடாமல்? வெங்காயம் உரிச்ச கை, கண்ணில பட்டிடும், விடும்."

"நீர்தான் போனது மச்சாள்! மருமகள் போனில காட்டினவள். மாலை போட்ட படம். கீழ காவல்காரனிட்டப் பிரேதம் எங்க எண்டு கேட்டன். நோனா காலமை பாண் வாங்கிக்கொண்டு மேல போனவ எண்டு சிங்களத்தில சொல்லுறான். ஆளை மாறிச் சொல்லுறான் எண்டு அவனுக்கும் ரெண்டு ஏச்சுக் குடுத்திட்டு வாறன்!"

விடியலிலிருந்து என் போன் ஒருதரமும் அடிக்கவில்லை. அதை அப்போதுதான் நினைத்தேன். செத்த ஆளின் நம்பருக்கு யார் அடிப்பார்கள்? எல்லாரும் அறிவித்தலில் இருந்த அவளுடைய நம்பருக்குத்தான் அடித்திருக்கிறார்கள். நான் அவளுக்கு அடித்தேன். எடுத்த உடனே, "அதை வெப்சைட்டில இருந்து எடுத்திட்டன் அன்ரி. இப்ப இல்லை. அரை மணித்தியாலம்தான் இருந்தது. நீங்கள் தண்ணி குடியுங்கோ" என்றாள். பின்னால் முதலாளியின் சத்தம் கேட்டது.

அரை மணித்தியாலம் போதும்; அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். லண்டனில் அக்கா விடியற்புறம் எழும்பின உடனே யார் செத்தது என்று போனில் பார்க்கிறவள். என் வீட்டு நம்பருக்கு அடித்தாள். நான் எடுத்தேன்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான் அக்கா."

"மூதேவி! செத்தவள் என்னத்துக்கடி போன் எடுக்கிறாய்?" என்று கத்திவிட்டு, குழந்தைப்பிள்ளை மாதிரி அழத் தொடங்கினாள். இருதயத்தில் ஒப்பரேஷன் செய்த மனுசி. அவள் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டபடி நான் நின்றேன். வெங்காயக் கத்தி கையிலேயே இருந்தது.

அன்று பின்னேரம் பிள்ளை வந்து லப்டொப்பைத் திறந்தாள். கறுப்புத் திரையில் எழுத்துகளைக் கீழே கீழே இழுத்துப் பார்த்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். மேல் வரிக்குப் போனாள், திரும்பக் கீழே வந்தாள். நான் வாசலில் நின்றேன். சொல்லவேண்டும் என்றுதான் நின்றேன்.

"தாளில ஏன் எண்டு நான் எழுதேல்லை அன்ரி," என்றாள். "வெறுமையாக்கு எண்டு மட்டும் எழுதினனான். ஏன் எண்டு எழுதேல்லை. அதுதான் பிழை."

லப்டொப்பை மூடினாள். நானும் வாயை மூடிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அடுத்தநாள் முதலாளி என்னையும் வரச்சொன்னார். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு படம் எடுத்துப் போடவேண்டுமாம். அச்சகத்து வாசலில் என்னை நிற்கவைத்து, அன்றைய பத்திரிகையைக் கையில் தந்து எடுத்தார்கள். உள்ளே வேலை செய்கிறவர்கள் மெசினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது.

முதலாளி கெட்ட மனுசன் இல்லை. எனக்குக் கதிரை போட்டு, குடிக்கச் சோடா கொடுத்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பாருங்க தங்கச்சி. எங்கப்பா காலத்துலேருந்து நோட்டீஸ் அடிக்கிறோம். பேர்ல எழுத்து விட்டிருக்கோம். தேதி மாறியிருக்கு. ஒருதடவ புருசன் படத்தப் பொஞ்சாதி பேருக்கு மேல போட்டிருக்கோம். ஆனா உசுரோட இருக்கிற ஆள நாங்க இதுவரைக்கும் சாகடிச்சதில்ல. சனங்க எங்கள நம்பித்தானே சாவக் கொண்டாந்து குடுக்கிறாங்க? யாரு பண்ணின தப்பு இது?"

அவள் நிமிர்ந்துதான் நின்றாள்.

"தாள் பிழை அண்ணை. நான் எழுதின தாள்."

"தாளா தங்கச்சி பட்டன அமுக்குச்சு?"

"அமுக்கின ஆள் தாளில இருந்ததைத்தான் செய்தது. ஆள் பிழையில்லை."

சோடாப் போத்தல் என் கையில் இருந்தது. இரண்டடி தூரத்தில் நான் இருந்தேன். நான் ஒன்பதைச் செய்யவில்லை, செய்தேன் என்று பொய் சொன்னேன், என்று இரண்டு வசனம் சொல்லியிருந்தால் போதும். சின்ன வயதிலிருந்தே வேற்று ஆண்களுக்கு முன்னால் எனக்குக் குரல் வராது. அதைச் சாட்டாகச் சொல்லலாம். ஆனால் அன்றைக்கு வராமல் போனது குரல் மட்டும் இல்லை.

"வெப்சைட் இருக்கட்டும். அத நிப்பாட்டிட்டா இன்னும் அசிங்கம்," என்றார் முதலாளி. "ஆனா நீங்க வேணாம் தங்கச்சி. சனம் கேக்கும், அந்தப் பொண்ணுதானேன்னு."

"சரி அண்ணை. வேற ஆளைப் பாருங்கோ. தாள் உங்களிட்ட இருக்கு. ஆர் வந்தாலும் எழுப்பலாம்."

அப்படியே நடந்தது. அவளைத் தெரியாத யாரோ ஒருவர் வந்து, அவள் எழுதிய தாளைப் பார்த்து, அரை நாளில் எழுப்பி நடத்தத் தொடங்கிவிட்டாராம். அதைக் கேட்டு நான் திகைத்துப்போனேன். பதின்மூன்று படியும் ஒழுங்காக எழுதி, தான் இல்லாவிட்டாலும் நடக்கும்படி தானே செய்து வைத்திருக்கிறாளே இந்தப் பிள்ளை! அவளோ, "அப்ப தாள் நல்ல தாள்தான்" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தாள்.

மற்றக் கடைக்காரர் ஒருவரும் வரவில்லை. பழைய அலுவலகத்துக்கும் அவள் போகவில்லை. மலேசியாவில் ஒரு வேலை எடுத்துக்கொண்டு போனாள். போகிற நாள் காலை பயணப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, குசினிச் சுவரில் ஒட்டியிருந்த தாள்களுக்குப் பக்கத்தில், குளிர்ப்பெட்டிக் கதவில், இன்னுமொரு தாளை நாலாக மடித்துக் காந்தத்தால் ஒட்டிவிட்டாள்.

"வெப்சைட் தாள் அன்ரி. திருத்தினது. உங்களிட்டயும் ஒண்டு இருக்கட்டும்."

"எனக்கேன் பிள்ளை இனி?"

"பரிசோதிச்ச ஆள் நீங்கள்தானே."

அவளுடைய முகத்தை நான் நேரே பார்க்கவில்லை. அந்தத் தாளையும் திறக்கவில்லை. குளிர்ப்பெட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும். கையை வைத்தால் சுடுமோ என்று இருந்தது. எட்டு மாதம் அப்படியே கிடந்தது.

இந்த மலருக்கு எழுதவேண்டும் என்று சொன்னபோதுதான், படிகளின் ஒழுங்கு மறந்துவிட்டதே, பார்த்து எழுதுவோம் என்று போன கிழமை எடுத்து விரித்தேன். எட்டு வரைக்கும் பழையபடிதான். ஒன்பது மாறியிருந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்:

'9. பெட்டியை வெறுமையாக்கவும். ஏன்: ஏற்றும்போது பெட்டியும் கூடவே வெளியில் போகும். அதற்குள் இருப்பவை உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள்.

9 (அ). நல்ல நாளில் வெறும் பெட்டியோடு தொடங்க மனம் வராதவர்கள், வெறுமையாக்கிய உடனே இந்த வரியை அடிக்கவும். பெட்டிக்குள் ஒரு நிறைகுடத்தின் படம் போய் இருக்கும். அதன்பிறகு பெட்டி வெறுமையில்லை.'

தாளின் அடியில், 'பரிசோதித்தவர்: அன்ரி' என்று இருந்தது.

நான் யாருக்கும் சொல்லாதது அது. விளக்கு எரிந்ததையும், வெள்ளிக்கிழமை என்று நான் யோசித்ததையும், ஓம் என்று பொய் சொன்னதையும் என் வாய் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மெசின் எல்லாத்தையும் எழுதி வைக்கும் என்று அவள் முன்பு சொன்னது அப்போதுதான் என் காதுக்குள் வந்தது. அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் விரலை வைத்துப் பார்த்தாளே, எட்டுக்குப் பிறகு பத்து இருந்த இடம் அது. ஏன் செய்யாமல் விட்டேன் என்பதை மெசின் எழுதியிருக்காது. அதை அவள் என்னைப் பார்த்தே அறிந்திருக்கிறாள். அறிந்துகொண்டுதான் மறுநாள் முதலாளிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, ஆள் பிழையில்லை என்றாள்.

மச்சாளின் மருமகள் மலேசியா நம்பரைத் தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எடுத்தால் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வசனம்தான்.

நான் சரி போட்ட பழைய தாளும் என்னிடம் இருக்கிறது. நேற்று அதில் ஒன்பதுக்கு நேரே இருந்த சரியை அழிறப்பரால் அழித்துவிட்டேன். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் இப்போது வெறுமையாக இருக்கிறது. மலர்க்காரரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டி, ஒன்பதையும் 9 (அ)வையும் நான் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அது நான் எழுதிய பிழை. அவளுடைய தாளில் பிழை இல்லை.